முட்டைக்காரரை விளக்கில் பார்த்த கதை

கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று, எனக்கு மிச்சமிருக்கும் பற்கள்மீது ஆணையிட்டுச் சொல்கிறேன். பல் கொஞ்சம்தானே, ஆணையும் அந்த அளவுக்குத்தானே இருக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். இத்தனை காலம் விழாமல் நின்ற பற்கள் அவை. நம்பகமானவை.

முட்டைக்காரர் மொத்த வியாபாரி. தெரு வளையும் இடத்தில் வீடு. முன்பக்கம் கடை, பின்பக்கம் தகரக் கூரை போட்ட குடோன், குடோன் மூலையில் ஓர் இருட்டறை. கடை மனைவியின் ராஜ்யம். வேனும் வெளி ஆர்டரும் மகளின் ராஜ்யம். இருட்டறை மட்டும் இவருடையது. அங்கே ஒரு மரப்பெட்டி, அதற்குள் ஒரு பல்பு, பெட்டியின் முகத்தில் முட்டை உட்காரும் அளவுக்கு ஒரு துளை. கைக்கு இரண்டாக முட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றாகத் துளையில் வைத்து ஒரு திருகு திருகுவார். ஓட்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஓர் உலகம் சுழலும். காற்றுப் பை சின்னதாக இருந்தால் புது முட்டை. மஞ்சள் கரு நடுவில் நிழலாக நின்றால் நல்ல முட்டை. மயிரிழை போலக் கோடு ஓடினால் விரிசல். ஒரு கரும்புள்ளி ஒட்டிக்கொண்டு கூடவே சுழன்றால் அது ரத்தப் பொட்டு. வாளிக்குப் போகும். இந்த வேலைக்கு விளக்குப் பார்ப்பது என்று பெயர்.

அதில் இவர் கெட்டிக்காரர். எவ்வளவு கெட்டிக்காரர் என்றால், முட்டையை விளக்கில் வைத்த மாத்திரத்தில், அதை இட்ட கோழி அன்றைக்கு யாரோடு சண்டை போட்டது என்று சொல்லிவிடுவார். இது அவரே சொன்னது.

இங்கேதான் மனைவியின் அருமை தெரியும். கடை பெஞ்சில் உட்கார்ந்து இவர் கதையை அவிழ்த்துவிட்டால், அம்மாள் முட்டை அட்டைகளிலிருந்து தலையைத் தூக்காமலே, “பாதி” என்பாள். அவ்வளவுதான். ஒரு தடவை, முட்டைக்குள் முட்டை, அதற்குள் முட்டை என்று நாலு அடுக்காக ஒன்று வந்ததென்று இவர் சொன்னார். அம்மாள், “பாதி” என்றாள். இரண்டடுக்கு முட்டை வந்தது உண்மைதான். மகள் கண்ணால் பார்த்திருக்கிறாள். பிறகு தெருவில் அதுவே வழக்கமாகிவிட்டது. அம்மாள் பக்கத்தில் இல்லாதபோது முட்டைக்காரர் எதைச் சொன்னாலும் யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அவள் வரும்வரை மரியாதைக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருப்பார்கள்.

இப்படிப்பட்டவருக்குச் சில வருஷங்களுக்கு முன் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வந்தது. அறுத்து எடுத்தார்கள். எடுத்தது வாத்து முட்டை அளவு இருந்ததென்று இவர் சொன்னார். தெரு தானாகவே கோழி முட்டையாகத் திருத்திக்கொண்டது. அதன் பிறகு அவ்வப்போது ரத்தம் கொடுத்துச் சோதிப்பார். அந்தச் சோதனையில் ஓர் எண் வரும். சுரப்பியே இல்லாத மனிதருக்கு அந்த எண் இல்லாமலே இருக்க வேண்டும். ஒரு வருஷம் மழைக்காலத்தில், தகரக் கூரைமேல் மழை அரிசி கொட்டுவது போலக் கொட்டிக்கொண்டிருந்த ஒரு வாரத்தில், எண் எழுந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த முறை இன்னும் கொஞ்சம் ஏறியது.

டாக்டர் மூன்று பேரையும் உட்காரவைத்துப் பேசினார். பொறுமையான மனிதர். பேசும்போது பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்.

“எங்கயோ கொஞ்சம் மிச்சம் இருக்கு. எங்கன்னு தெரியணும். ஒரே இடத்துல இருந்தா, அங்க மட்டும் கதிர்வீச்சு குடுத்து அடக்கப் பார்க்கலாம். பல இடத்துல பரவியிருந்தா வைத்தியமே வேற. அது நோயைக் கட்டிப்போடும், ஆனா துடைச்சு எடுக்காது.”

“எங்கன்னு எப்படித் தெரியும்?” என்றாள் மகள்.

“கோலின்னு ஒரு சத்து இருக்கும்மா. ஒவ்வொரு செல்லும் தன்னைச் சுத்தித் தோல் கட்டிக்க அது வேணும். புத்து செல்லுக்கு எப்பவும் அவசரம், வேகமா பெருகும். அதனால கோலினைக் கண்டா அள்ளிக்கும். நாங்க அந்தக் கோலின்ல துளி கதிர் ஒட்டி ஊசியில ஏத்துவோம். அது எங்கெல்லாம் போய்ச் சேருதோ, அங்கெல்லாம் படத்துல வெளிச்சமாத் தெரியும்.”

முட்டைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அதாவது, என்னை விளக்குப் பார்க்கப் போறீங்க.”

“அப்படியும் சொல்லலாம். பல்பு மட்டும் உள்ளே இருக்கும்.”

“அந்தச் சத்து வேற எதுல இருக்கு டாக்டர்?” என்று அம்மாள் கேட்டாள். வியாபாரம் செய்கிறவள்; பொருள் எங்கிருந்து வருகிறதென்று கேட்காமல் விடமாட்டாள்.

“நிறையப் பொருள்ல இருக்கும்மா. முட்டை மஞ்சள் கருவுல ரொம்ப அதிகம்.”

 அம்மாள் மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். விளக்கில் பொட்டு தெரிந்த முட்டையை அவர் பார்ப்பாரே, அந்தப் பார்வை. மனிதர் விவரம் தெரிந்த நாளிலிருந்து காலையில் நாலு முட்டை சாப்பிடுகிறவர்.

“முட்டையால வந்ததில்லைம்மா,” என்றார் டாக்டர், பார்வையைப் புரிந்துகொண்டு. “அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. படம் எடுக்கிற அன்னைக்கு மட்டும் சில மணி நேரம் வெறும் வயித்தோட வந்தாப் போதும்.”

சில மணி நேரம் என்பது அம்மாளின் காதில் விழவில்லை. வீடு திரும்பும் வழியிலேயே வேனில் தீர்ப்பு வந்துவிட்டது.

“இன்னையிலேருந்து உங்களுக்கு முட்டை கிடையாது. குடோன் பக்கமும் போகக் கூடாது.”

“குடோன் என்ன பண்ணுச்சு?”

“அங்க போனா நீங்க சும்மா வருவீங்களா? அந்த நோய் உள்ள உட்கார்ந்து முட்டைக்கு அலைஞ்சுக்கிட்டு இருக்கு. நீங்க தினம் நாலு போட்டா அதுக்கு வயிறு ரொம்பி இருக்கும். டாக்டர் ஊசியில குடுக்கிறதை எதுக்குத் தொடப்போகுது? பட்டினி போட்டாத்தான் பாய்ஞ்சு வந்து வாயைத் திறக்கும். அப்பத்தான் படத்துல மாட்டும்.”

“அம்மா, டாக்டர் அப்படிச் சொல்லலியே,” என்றாள் மகள்.

“அவரு முட்டை வித்தாரா, நான் வித்தேனா?”

 ஆணியில் தொங்கிய குடோன் சாவி அம்மாளின் இடுப்புக்குப் போயிற்று. விளக்குப் பார்க்கிற வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். முட்டைக்காரர் கடை பெஞ்சில் உட்கார்ந்து மழையைப் பார்த்தார். காலையில் ரொட்டி வந்தது. மறுநாளும் ரொட்டி. மூன்றாவது நாள் ரொட்டிக்குத் துணையாக ஒரு சூப் வந்தது. அதில் பூசணிக்காய் தன்னந்தனியாக மிதந்தது. பின்னால் குடோனில் அட்டைகள் உரசும் சத்தம் கேட்கும்போதெல்லாம் இவருடைய விரல்கள் தானாகத் திருகின. எதிர்க்கடைக்காரர், தெருவில் போன பூனை, எல்லோருடைய தலையையும் மனசுக்குள் விளக்கில் வைத்துப் பார்த்தார். எதிர்க்கடைக்காரருக்குக் காற்றுப் பை பெரிசு.

படம் எடுக்கும் நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மழை விட்டது. மகள் வேனோடு போயிருந்தாள். அம்மாள் கடையில் ஒரு கேக் கடைக்காரியோடு பேரத்தில் இருந்தாள். அந்தப் பேரங்கள் சீக்கிரம் முடியாது என்பது முட்டைக்காரருக்குத் தெரியும். பின்பக்கம் போய், காற்றுக்காக வைத்திருந்த ஜன்னல் வழியாக, இந்த வயதில், தன் சொந்தக் குடோனுக்குள் திருடனைப் போல் ஏறிக் குதித்தார். குதித்தார் என்பது அவருடைய சொல். விழுந்தார். விழுந்த இடத்தில் உடைந்த கம்பிக்கூடை ஒன்று கிடந்தது. அதன் முனை இடது உள்ளங்கையைப் பெருவிரலடியில் ஆழமாகக் கிழித்துவிட்டது.

கையில் துணியைச் சுற்றிக்கொண்டார். டீ போடுகிற கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து முட்டைகளைப் போட்டார். ஒற்றைக் கையால் உரித்து, உப்புக்கூட இல்லாமல், இருட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். ஓடுகளைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பினார். பேரம் இன்னும் முடிந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு இடது கை பாக்கெட்டைவிட்டு வெளியே வரவில்லை.

“கையை ஏன் அங்கயே வெச்சிருக்கீங்க?” என்றாள் அம்மாள்.

“குளிருது.”

“வெயில் கொளுத்துது.”

“இந்தக் கைக்கு மட்டும் குளிருது.”

“பாதி,” என்றாள். பாதிக் கை எப்படிக் குளிரும் என்று மகள் கேட்டாள். கை உள்ளுக்குள் வீங்கிச் சிவந்து விண்விண்ணென்று தெறித்தது. ராத்திரியில் அக்குளிலும் ஒரு வலி இருந்தது. இதையெல்லாம் சொன்னால் குடோன் கதை வெளியே வரும். மறைத்துவிட்டார். ஊரெல்லாம் நம்பாத ஆயிரம் பொய்யை வாய் ஓயாமல் சொன்ன மனிதர், வாயைத் திறக்காமல் ஒன்றை மறைத்தபோது எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

அந்த நாள் வந்தது. மூன்று பேரும் முட்டை வேனிலேயே போனார்கள். பின்னால் அட்டைகள் எதுவும் இல்லை. ஆனாலும் மகள் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வேகத்தைக் குறைத்தாள்.

“சரக்கு ஒண்ணும் இல்லியே, ஏன் உருட்டுறே?” என்றார்.

“சரக்கு முன்னாடி உட்கார்ந்திருக்குப்பா,” என்றாள் மகள். அதற்குப் பிறகு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

படம் எடுக்கும் இடம் சுத்தமாக, குளிராக, சத்தமில்லாமல் இருந்தது. முட்டை வைக்க நல்ல இடம் என்று இவர் மனசுக்குள் குறித்துக்கொண்டார். ஊசி போடும் பெண் வந்து எதிரில் உட்கார்ந்தாள். சிரித்த முகம்.

“ஐயா, காலையிலேருந்து எதுவும் சாப்பிடலைதானே?”

“காலையிலேருந்தா?” என்றாள் அம்மாள், பெருமையாக. “ஒரு மாசமா, ஒரு முட்டைகூட இல்லை.”

“சமீபத்துல காய்ச்சல், காயம், எங்கயாவது சீழ் பிடிச்சது, தடுப்பூசி, அப்படி ஏதாவது உண்டா ஐயா?”

அம்மாள் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அவளுடைய முழங்கை இவருடைய முழங்கையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இடுப்பில் சாவி தெரிந்தது.

“இல்லைம்மா,” என்றார்.

அவள் எழுதிக்கொண்டாள். “சரி, வாங்க. இந்த மருந்து நமக்காகக் காத்திருக்காது. காலையில செஞ்சு கொண்டுவந்திருக்காங்க. ரெண்டு மணி நேரத்துக்குள்ள பாதியாயிடும். அப்புறம் அதுலயும் பாதியாயிடும். சும்மா வெச்சிருந்தாலே குறைஞ்சுக்கிட்டே போகும்.”

“எங்க வீட்டுல இதைவிட வேகம்மா,” என்றார். “நான் வாயை மூடுறதுக்குள்ள பாதியாயிடும்.”

கனமான ஈயப் பெட்டியிலிருந்து, குட்டிக் கவசம் போட்ட ஒரு ஊசியை எடுத்து வலது கையில் ஏற்றினாள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் குறுகலான மேஜையில் படுக்கவைத்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி வைக்கச் சொன்னாள். இடது கையை இறுக்க மூடிக்கொண்டார். பயந்தவர்கள் முஷ்டியை மடக்குவது வழக்கம்தான் என்பதால் அவள் அதை அப்படியே விட்டுவிட்டாள்.

“ஆடாம இருங்க ஐயா. கதை எதுவும் சொல்லிடாதீங்க, வயிறு ஆடும்.”

மேஜை உள்ளே நகர்ந்தது. மேலே வட்டமான வெள்ளை வளையம். முட்டைக்காரருக்கு அது தன் பெட்டியின் துளை போலவே இருந்தது. அளவு மட்டும் ஆளுக்குத் தகுந்தாற்போல. எத்தனை முட்டைகளை இப்படி வைத்துத் திருகியிருப்பார். பொட்டு தெரிந்தால் வாளி. ஒரு நொடி யோசித்ததில்லை. எந்த முட்டையிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்றைக்கு இங்கே படுத்துக்கொண்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத யாரோ அவசரப்படாமல், நிதானமாக, இரண்டு தடவை திருகிப் பார்க்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அந்தப் பெண், “இன்னைக்கு ஒரு நாள் கைக்குழந்தை, கர்ப்பிணிகிட்ட ரொம்ப ஒட்டி உட்காராதீங்க ஐயா. நிறைய தண்ணி குடிங்க,” என்றாள்.

“முட்டைகிட்ட உட்காரலாமா?”

அவள் யோசித்தாள். “முட்டை பரவாயில்லை.”

வீட்டுக்கு வந்ததும் அம்மாள் யாரும் கேட்காமலே இரண்டு முட்டைகளை வேகவைத்து, தானே உரித்து, உப்பும் மிளகும் தூவித் தட்டில் வைத்தாள். “ரொம்பத்தான் படுத்திட்டேன்,” என்றாள் சுவரைப் பார்த்து. அவர் வலது கையால் சாப்பிட்டார்.  சாப்பிட்டுவிட்டு, அம்மாளே குடோனைத் திறந்துவிட, இருட்டறைக்குப் போய், பல்பைப் போடாமல் ஒரு முட்டையைத் தன் நெஞ்சுக்கு நேரே பிடித்தாராம். உள்ளே கரு பளிச்சென்று தெரிந்ததாம்.

“பாதி,” என்றாள் அம்மாள். ஆனால் அன்றைக்கு அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

மறுநாள் டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். இருட்டில் ஒரு மனித உருவம். அதற்குள் அங்கங்கே வெளிச்சம்.

“இது ஈரல். இது ரெண்டும் கிட்னி. இதெல்லாம் எச்சில் சுரப்பி. எல்லாருக்கும் இங்க வெளிச்சம் இருக்கும், பயப்படாதீங்க.” பேனா கீழே இறங்கியது. “இங்க, இடுப்புக்குள்ள, ஒரு சின்ன நெறிக்கட்டி தெரியுதா? இதுதான் நாம தேடினது. இது ஒண்ணு மட்டும்னா, கதிர் குடுத்து முயற்சி பண்ணலாம். நல்ல நம்பிக்கை இருக்கு.”

மகள் மூச்சை விட்டாள். டாக்டர் விடவில்லை. பேனா மேலே ஏறி, இடது அக்குளில் நின்றது. அங்கே மூன்று பொட்டுகள், பக்கத்தில் பக்கத்தில்.

“இதுதான் இடிக்குது. இந்த நோய் வழக்கமா இங்க வர்றதில்லை. ஆனா வந்திருந்தா, ஒரே இடம்ங்கிற பேச்சே இல்லை. வைத்தியத்தையே மாத்தணும். கையில காயம், சீழ் இருந்தாலும் இங்க வெளிச்சம் வரும். வீக்கமும் இந்தச் சத்தை இழுக்கும். ஆனா அப்படி ஒண்ணும் இல்லைன்னு நீங்க சொன்னதா எழுதியிருக்கு.”

முட்டைக்காரர் வாயைத் திறப்பதற்குள் அம்மாள் பேசிவிட்டாள். குரல் சின்னதாகிவிட்டிருந்தது. கடையில் அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை.

“டாக்டர், நான் முட்டையை நிறுத்தினேன். பட்டினி போட்டா மாட்டும்னு நினைச்சேன். அது பசி தாங்காம மேல ஏறிப் போயிடுச்சா? கீழ இருந்தது இருந்த இடத்துலயே இருந்திருக்கும். நான்தான் துரத்திவிட்டுட்டேனா?”

“அப்படியெல்லாம் இல்லைம்மா,” என்றார் டாக்டர். அவள் தலையை ஆட்டினாள். நம்பவில்லை.

முட்டைக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் இரண்டு கைகளாலும் தன் இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நீ ஒண்ணும் துரத்தலை,” என்றார். “நான் குடோனுக்குப் போனேன். பின் ஜன்னல் வழியா. கூடைக் கம்பி கையைக் கிழிச்சிடுச்சு. ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. சீழ் வெச்சிருக்கு.”

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “என்னைத் தேத்துறதுக்காகக் கதை கட்டாதீங்க. இப்ப வேண்டாம்.”

“கதை இல்லை.”

“உங்களால அந்த ஜன்னல்ல ஏற முடியாதுங்க.”

“ஏறலை. விழுந்தேன்.”

வாழ்க்கையில் ஒரு தடவை மட்டும் முழு உண்மையைச் சொன்னார். அது விலைபோகவில்லை. வேறு வழியில்லாமல் இடது கையை டாக்டரின் மேஜைமேல் வைத்து விரித்தார். மகள், “அப்பா,” என்றாள். டாக்டர் விளக்கை இழுத்து, கையைப் பிடித்து, மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். இரண்டு தடவை. பிறகு அக்குளை அழுத்திப் பார்த்தார்.

“இதை நேத்தே சொல்லியிருக்கணும் ஐயா,” என்றார். கோபம் இருந்தது. ஆனால் பேனா மூடியை மாட்டிவிட்டார். “அந்த வெளிச்சம் இந்தக் கையாலதான்னு நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான். முதல்ல இதைச் சுத்தம் பண்ணி மருந்து குடுப்போம். ஆறினதும் அக்குளை ஸ்கேன் பண்ணிப் பார்ப்போம். வத்தலைன்னா ஊசியில கொஞ்சம் எடுத்துப் பார்த்துட்டுத்தான் முடிவு.”

அம்மாள் அந்தக் கையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். வெகு நேரம் பார்த்தாள்.

“எத்தனை சாப்பிட்டீங்க?” என்றாள்.

“ரெண்டு.”

அவள் பாதி என்று சொல்லவில்லை. “நாலு,” என்றாள்.

“நாலு,” என்று ஒப்புக்கொண்டார்.

கை ஆறும்வரை அம்மாளே மருந்து போட்டுக் கட்டினாள். கட்டும்போதெல்லாம் ஜன்னலையும் கம்பியையும் சேர்த்துத் திட்டினாள். அந்த ஜன்னலுக்கு அடியில் மகள் ஒரு ஸ்டூலைப் போட்டுவைத்தாள். எதற்கென்று அம்மாள் கேட்டபோது, காற்று ஏறி வருவதற்கு என்றாள். சாவி மறுபடி ஆணிக்குப் போயிற்று. சில வாரம் கழித்து ஸ்கேன் பார்த்தபோது அக்குளில் இருந்ததெல்லாம் வற்றி, இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. கீழே இருந்த ஒன்றுக்கு மட்டும் கதிர் கொடுத்தார்கள். தினமும் மகள் வேனில் கொண்டுபோய், தினமும் பள்ளங்களில் உருட்டிக்கொண்டு வந்தாள். பிறகு ரத்தம் எடுத்தார்கள். எண் இறங்கியிருந்தது. அடுத்த முறை இன்னும் இறங்கியது. கடைசியாகப் பார்த்தபோது, இருந்தும் இல்லாத அளவுக்கு வந்து, அங்கேயே படுத்துக்கொண்டது. இப்போது காலையில் முட்டைக்காரர் விளக்கில் ரத்தப் பொட்டு பார்த்தால், வாளிக்குப் போடுமுன் இன்னொரு தடவை திருகிப் பார்க்கிறார்.

இதையெல்லாம், அந்தக் கடைசி எண் உட்பட, முட்டைக்காரர்தான் கடை பெஞ்சில் உட்கார்ந்து எனக்குச் சொன்னார். அப்போது அம்மாள் கடையில் இல்லை.